ஒரு ஞானப்பூ நேரம்

நான் நிறுத்தல மாமா, அது நிக்குது, ரெண்டும் ஒண்ணு இல்ல, அத இந்த குரூப்ல இருக்குற நூத்திப் பதினாலு பேருக்கும் தெரியிற மாதிரி சொல்லத்தான் இவ்வளவு நீளமா டைப் பண்றேன், ஏன்னா நீங்க என்னத் திட்டுனது இந்த நூத்திப் பதினாலு பேரு முன்னாடிதான், நாலு வீடு தள்ளித்தான் இருக்கோம், வந்து அம்மா கையால ஒரு காப்பி குடிச்சுக்கிட்டே கேட்டிருக்கலாம், கேக்கல. காலுக்கடியில தாளத்த நிறுத்துற பெடல் ஒளிச்சு வச்சிருக்கேன்னு போட்டிருக்கீங்க. கோயிலுக்குள்ள வெறுங்காலோட நிக்கிறவ பெடல எங்க ஒளிப்பா, விரலிடுக்குலயா. வைர விழாவக் கெடுக்கணும்னே போன ரிப்பேராக்குனேன்னு போட்டிருக்கீங்க. அந்தப் போன்ல ரிப்பேராக்க ஒண்ணும் மிச்சமில்ல மாமா, என் கைக்கு வர்றப்பவே கண்ணாடி நாலாக் கீறி, பேட்டரி உப்பி, பின்மூடிக்கு ரப்பர் பேண்டு போட்டுத்தான் வந்துச்சு. காலேஜ் போன திமிருன்னும் போட்டிருக்கீங்க. அது இருக்கலாம்.

நாளைக்கு நம்ம கோயில் வைர விழாவுக்கு வெளியூர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க போன வாரம்தான் குரூப்ல சேந்தாங்க, அவங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது, அதனால மொதல்ல இருந்து சொல்றேன். நான் இவாஞ்சலின், எல்லாரும் இவான்னு கூப்பிடுவாங்க, பிஎஸ்சி பிசிக்ஸ் ரெண்டாம் வருஷம், ஜின்னிங் காலனி எபினேசர் ஆலயத்துல கீபோர்டு வாசிக்கிறவ. ஆசீர் மாமா எங்க அம்மாவோட கூடப் பொறந்த தம்பி, சபைக்கு செக்ரட்டரி, நான் வாசிக்கிற கீபோர்ட வாங்கிக் குடுத்ததும் அவருதான், அத அவரு ஒருநாளும் சொல்லிக் காட்டுனதில்ல, அதையும் சொல்லிடறேன். எங்க ரெண்டு பேருக்கும் சண்ட போனப் பத்தி இல்ல. நாளைக்குக் காலையில ஞானப்பூ அக்கா பாடுவாங்களா மாட்டாங்களாங்கிறதப் பத்தி. அது ஒண்ணுதான்.

ஞானப்பூ அக்காவுக்கு நாப்பத்தி மூணு வயசு. பதினெட்டு வருஷம் மில்லுல பஞ்ச சீவுற மிஷின் பக்கத்துல நின்னாங்க, அங்க காத்தும் பஞ்சும் கலந்துதான் கெடக்கும், காத்து உள்ள போயி வெளிய வந்துரும், பஞ்சு உள்ளயே தங்கிருச்சு. அதனால நாம ஒரு வரி பாடி முடிக்கிறப்போ அவங்க முக்கா வரியில மூச்சு வாங்கிக்கிட்டு இருப்பாங்க, மூச்சு வந்ததும் மிச்சக் கால் வரியத் தனியா பாடி முடிப்பாங்க, அந்தக் கால் வரி வரைக்கும் சபையே நிக்கும். நிக்கணும்னு யாரும் யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல. டிரம்ஸ் அடிக்கிற செல்வின் அண்ணன் குச்சிய அந்தரத்துல தூக்கி வச்சிருப்பாரு, போதகர் ஐயரு வாயத் திறந்தமானைக்கு நிப்பாரு, கைப்பிள்ளைங்க கூட ஒரு நிமிஷம் அழுகைய நிறுத்திரும், அக்கா கடைசி எழுத்தப் போட்டதும் எல்லாரும் சேந்து அடுத்த வரியில காலெடுத்து வைப்போம். ஒரு தடவ தெக்க இருந்து வந்த உபதேசியார் ஒருத்தர், பாட்டே அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டு அந்த நிப்போட சேத்தே ராகத்தப் படிச்சுட்டுப் போயிட்டாரு, அவங்க ஊர்ல ஞானப்பூ அக்காவே இல்லாம இன்னைக்கும் வரிக்கு வரி நிக்கிறாங்களாம்.

போன தை மாசம் செல்வின் அண்ணனுக்கு ஓசூர்ல வேல கெடச்சு டிரம்ஸயும் தூக்கிட்டுப் போயிட்டாரு, அது அவரு டிரம்ஸ். மிச்சம் நாங்க மூணு பேரு. கீபோர்டுக்கு நான், கிட்டாருக்கு செல்போன் ரிப்பேர்க் கட வச்சிருக்குற ரூபஸ் அண்ணன், மைக்குக்கு ஐயரம்மா. தாளம் இல்லாம மூணு வாரம் பாடுனோம், பாட்டு ஈரத்துணி கணக்கா தொங்குச்சு. அப்பதான் லூப் போடலாம்னு நான் சொன்னேன். லூப்புன்னா பெரிய வித்தையெல்லாம் இல்ல, நாலு வட்டம் தாளத்த ரெக்கார்டு பண்ணி, முடிஞ்ச எடத்துல இருந்து திரும்ப ஆரம்பத்துக்கே ஓட விடறது, பன்னண்டு செகண்டு, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், மேல நாம பாடிக்கிடணும். பெரிய சபையில இதுக்குன்னு லேப்டாப் வச்சிருப்பாங்க. எங்ககிட்ட ரூபஸ் அண்ணன் கடையில யாரும் திரும்ப வாங்க வராத ஒரு போன் இருந்துச்சு, காசில்லாம எறக்குற ஒரு ஆப் இருந்துச்சு. காலி தண்ணி கேன, சாக்ஸ் மாட்டுன கையால குத்துனோம், அது பெரிய டிரம். டப்பாவுல உளுந்தப் போட்டுக் குலுக்குனோம், அது சலங்க மாதிரி சலசலன்னு ஓடுச்சு. பெஞ்ச உள்ளங்கையால தட்டுனோம். அடியில ஒரு சுருதி வேணும்னு கோயில் ஆர்மோனியத்துல ஸா கட்டைய அழுத்தித் துணி கிளிப்பு போட்டு வச்சிட்டு ரூபஸ் அண்ணன் துருத்திய ஊத, அதையும் புடிச்சோம். ஒயர ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் டிக்டிக்னு என் காதுக்கு மட்டும், இன்னொரு பக்கம் தாளம் ஸ்பீக்கருக்கு. அதுல ஒரு மனுசக் குரல் கூட கெடையாது, பாடுறது பூரா நாமதான், இத ஞாபகம் வச்சுக்கங்க மாமா, பின்னாடி இதுக்கு வருவேன்.

மொத வாரம் பாட்டு எந்திரிச்சு நின்னுச்சு. சின்னப் பிள்ளைங்க கை தட்டுச்சு, ஐயரம்மா குரல் ஒரு சாண் ஒசந்துச்சு. ஆனா லூப் நிக்காதுல்ல. ரெண்டாவது வரியிலயே ஞானப்பூ அக்கா பின்தங்கிட்டாங்க, மூணாவது வரியில நாங்க அடுத்த வட்டத்துக்குள்ள போயாச்சு, அவங்களோட கால் வரி மட்டும் தனியா, ஸ்டாண்டுல பஸ்ஸ விட்டுட்டு நிக்கிற ஆளு மாதிரி நடுவுல நின்னுச்சு. ரெண்டு பிள்ளைங்க திரும்பிப் பாத்துச்சு. அக்கா புஸ்தகத்த மூடிட்டாங்க. அடுத்த வாரம் புஸ்தகத்தத் தொறக்கவே இல்ல, மடியில வச்சு அட்டையத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

மூணாவது வாரம் அது நடந்துச்சு. ஸ்தோத்திரக் காணிக்கப் பாட்டு, ரெண்டாவது சரணம், அக்கா என்ன நெனச்சாங்களோ, புஸ்தகம் இல்லாமலே மெதுவா ஆரம்பிச்சாங்க, முக்கா வரியில மூச்சு முட்டுச்சு, நாங்க எல்லாரும் வரிய முடிச்சோம், அடுத்த குத்து விழணும், விழல. தண்ணி கேனு நின்னுச்சு, உளுந்து நின்னுச்சு, என் காதுல டிக்டிக் நின்னுச்சு, அடியில ஆர்மோனியம் ஸா மட்டும் அணையாம நீண்டுச்சு, அக்கா மூச்ச எடுத்து, கால் வரியப் பாடி, கடைசி எழுத்த மெதுவா எறக்கி வச்சாங்க, வச்ச அதே எடத்துல குத்து விழுந்துச்சு. சபை அடுத்த வரிக்குப் போயிருச்சு. யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. பத்து வருஷமா அந்த எடத்துல எல்லாமே நின்னுதான் போகும், இதுக்கு மட்டும் என்ன, வந்து மூணு வாரம் ஆச்சு, பழகிருச்சுன்னு நெனச்சுக்கிட்டாங்க. ஆராதன முடிஞ்சு வெளிய வர்றப்போ ஐயரு எங்கிட்ட, "நல்லாப் பழக்கியிருக்கம்மா"ன்னு மட்டும் சொன்னாரு, நாய்க்குட்டியப் பத்திச் சொல்ற மாதிரி.

நானும் ரூபஸ் அண்ணனும்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அன்னைக்கே போனக் கடைக்கு எடுத்துட்டுப் போயி, பின்னாடிக் கழட்டி, உள்ள ஊதி, பிரஷ்ஷால தொடைச்சு, திரும்ப மாட்டிப் பாத்தாரு. உள்ள அதே பன்னண்டு செகண்டு ஃபைல்தான், ஒரு நூலு கூடல, ஒரு நூலு கொறயல.

"என்னண்ணே இருக்கு உள்ள?"

"கொஞ்சம் தூசி. ஒரு எறும்பு. உயிரோடதான் இருக்கு."

"அதுவா நிறுத்துது?"

"எறும்பு எதுக்கும்மா நிறுத்தப் போகுது, அதுதான் நிக்காமப் போறதுலயே மொத ஆளு."

பெறகு அவரு வேணும்னே பின்தங்கிப் பாடிப் பாத்தாரு, லூப் அவர மதிக்கவே இல்ல, அது பாட்டுக்குப் போச்சு. தூங்கி வழிஞ்சுக்கிட்டே பாடிப் பாத்தாரு, போச்சு. நடிச்சா நிக்காதுன்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டோம். சாயங்காலம் கடையில அது ஓடிக்கிட்டு இருக்கிறப்போ, போலியோக் காலோட ஒரு பெரியவரு ரோட்டக் கடந்தாரு, அவரு நடுரோட்டுல ஊன்றுகோல எடுத்து வச்சு, காலத் தூக்கி, எடுத்து வச்சு வர்ற வரைக்கும் தாளம் நின்னு நின்னு வந்துச்சு, அவரு இந்தப் பக்கம் ஏறுனதும் பழையபடி ஓடுச்சு. அவரு உள்ள வந்து சார்ஜர் வாங்கிட்டு, "பாட்டு நல்லாருக்கு, நம்ம நடைக்கு ஒத்து வருது"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

அதுக்கப்புறம் காலனி அத எடுத்துக்கிட்ட விதம் உங்களுக்கும் தெரியும் மாமா, நீங்களும் இங்கதான் இருந்தீங்க. கமிட்டிக் கூட்டத்துல உங்க கையாலதான் எழுதுனீங்க, "லூப் காத்து நிற்பது குறித்துப் பேசப்பட்டது, ஆட்சேபணை இல்லை"ன்னு, அதுக்குக் கீழதான் மழைக்கு ஒழுகுற ஓட்டப் பத்தி எழுதியிருக்கீங்க, அதுக்கு ஆட்சேபணை நெறைய இருந்துச்சு. ஆராதன பதினேழு நிமிஷம் நீண்டுச்சு. அதுக்குத் தக்கன பொம்பளைங்க கறிய மசாலா போட்டு வச்சிட்டு வர ஆரம்பிச்சாங்க, பதினேழு நிமிஷம் கூட ஊறுனதுல ருசி கூடுதுன்னு கண்டுபுடிச்சாங்க. பத்தே முக்கால் மினி பஸ்ஸு பதினொண்ணு அஞ்சுக்குப் போச்சு, டிரைவரு மொதல்ல ஹாரன் அடிச்சுப் பாத்தாரு, பெறகு உள்ள வந்து பின் பெஞ்சுல ஒக்காந்து காத்து வாங்க ஆரம்பிச்சாரு, பெறகு ரெண்டு பாட்டுக்குப் பாடவும் ஆரம்பிச்சாரு. டீக்கட ஷாகுல் அண்ணன் மகளுக்குப் பேசுறப்போ ரெண்டு எழுத்து தொண்டையில நிக்கும், பேங்க் இன்டர்வியூவுக்கு அவ எங்க கோயில்ல ஒக்காந்து லூப்ப ஓட விட்டு, தன்னப் பத்திச் சொல்லிப் பழகுனா, அவ எந்த எழுத்துல நிக்கிறாளோ அந்த எழுத்துல அதுவும் நின்னுச்சு, தலையில இருந்து எறக்கி வைக்கிற வரைக்கும் கூடவே சுமையத் தாங்கிப் புடிச்ச மாதிரி, பத்து நாள்ல அவளுக்கு அந்த எழுத்துங்க மேல இருந்த பயம் போயிருச்சு, எழுத்து இன்னும் நிக்கத்தான் செய்யுது, வேலையும் கெடச்சிருச்சு. பெஞ்சமின் அண்ணன் கல்யாணத்துல, போடுறப்போ மோதிரம் கைதவறி மூணு தடவ கீழ விழுந்துச்சு, மூணு தடவயும் லூப் நின்னுச்சு, பொண்ணு வீட்டுக்காரங்க இந்த ஊர் வழக்கமே அப்படித்தான்னு நெனச்சு, பொண்ணோட தங்கச்சி கல்யாணத்துல மாப்பிள்ளைய மூணு தடவ மோதிரத்தக் கீழ போடச் சொல்லிக் கேட்டாங்களாம்.

அப்புறம் அந்த அளவு வந்துச்சு. யாரு ஆரம்பிச்சதுன்னு தெரியல. ஞானப்பூ அக்கா மூச்சு வாங்கிக் கால் வரிய முடிக்கிற நேரத்துக்குப் பேரு ஒரு ஞானப்பூ. "முட்டைய நாப்பது ஞானப்பூ வேக விடு"ன்னாங்க. குழாயில கொடத்த வச்சவங்க, "ஏட்டி, ரெண்டு ஞானப்பூ பொறு, நெறஞ்சிரும்"னாங்க. எங்கம்மா ஃபோன்ல, "அரை ஞானப்பூவுல வந்துர்றேன்"னு சொல்லிட்டு அறுபது ஞானப்பூ கழிச்சு வருவாங்க. ஞானப்பூ அக்காகிட்ட இதச் சொன்னப்போ, "என் பேர வச்சா எல்லாம் பிந்திப் போகும்டி, ஊரே லேட்டாயிரும்"னு சிரிச்சாங்க, சிரிச்சு முடிக்க அவங்களுக்கு ரெண்டு ஞானப்பூ ஆச்சு.

இப்ப வைர விழாவுக்கு வர்றேன். பிஷப் ஐயா வர்றாரு, லைவ் போகுது, நாப்பது நிமிஷத்துக்குள்ள முடிக்கணும், வெளிநாட்டுல இருக்குற பிள்ளைங்க எல்லாம் பாக்கும், ஒழுகுற ஓட்டோட, தண்ணி கேன் தாளத்தோட நம்மள யாரும் ஏளனமாப் பாத்துறக் கூடாதுன்னு உங்களுக்கு ஆச. அதுல எனக்குக் கோவம் இல்ல மாமா. நீங்க மூணு மாசமா தூங்கல, பந்தக்காரங்கிட்ட, பெயிண்டுக்காரங்கிட்ட அலஞ்சு கறுத்துப் போயிட்டீங்க, அத்தையும் சொன்னாங்க. ஆனா நீங்க வெளியூர்ல இருந்து ஒரு ட்ராக் வாங்கிட்டு வந்தீங்கல்ல, அதுல டிரம்ஸ் இருக்கு, வயலின் இருக்கு, நாப்பது பேரு பாடுற குரலும் இருக்கு. நாம சும்மா நின்னா போதும், ஸ்பீக்கரு பாடிரும். அத வச்சுக்கிட்டு என்னப் பாத்து, லூப் போடுறது பொய் வாசிப்பு, ஆண்டவர ஏமாத்துற வேலன்னு போட்டிருக்கீங்க. எது மாமா பொய்? ஒரு தண்ணி கேனு நம்ம பின்னாடி நின்னு, நாம பாடுறதத் தாங்கிப் புடிக்கிறது பொய்யா? நமக்குத் தெரியாத நாப்பது பேரு, நம்ம காலனிய எட்டிக்கூடப் பாக்காதவங்க, நமக்குப் பதிலா பாடுறதும் நாம வாயத் தொறந்து மூடுறதும் உண்மையா? ரெண்டு பேரும் கருவியத்தான் வச்சிருக்கோம். என் கருவிக்கு நாம பாடலன்னா வேலையே இல்ல. உங்க கருவிக்கு நாம பாடுனா எடஞ்சல்.

வியாழக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்குப் பிராக்டிஸ். உங்க ட்ராக்கப் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ லூப்போட பாடிப் பாத்துருவோம்னு ஐயரம்மாதான் சொன்னாங்க. பாடுனோம். ரெண்டாவது வரி முடிஞ்சுது, லூப் நின்னுச்சு, எப்பவும் போல அக்காவுக்கு நின்னுச்சு. ஒரு ஞானப்பூ ஆச்சு. ரெண்டு ஆச்சு. திரும்பிப் பாத்தா அக்கா வாய் அசையுது, சத்தமே வரல. வரியப் பூராவும் சரியா அசைச்சு, கடைசி எழுத்துல ஒதட்ட மூடிட்டு, நம்மளப் பாத்து முடிஞ்சுதுங்கிற மாதிரி தலையாட்டுனாங்க. நாங்க அடுத்த வரிக்குப் போனோம். லூப் வரல. அது நின்ன எடத்துலயே நின்னுச்சு.

இன்னைக்கு சனிக்கெழம காலைல பத்து மணி. இன்னும் நிக்குது. ஆர்மோனியம் ஸா மட்டும் நீண்டுக்கிட்டே இருக்கு, பெருசா இல்ல, பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் அளவுக்கு. ரூபஸ் அண்ணன் ஒயரப் புடுங்குனாரு, இருந்துச்சு. பேட்டரியக் கழட்டுனாரு, இருந்துச்சு. ஸ்பீக்கரையே வெளிய தூக்கி வச்சாரு, அந்த எடத்துல இருந்து ஸா வந்துச்சு, சரி அது கெடக்கட்டும்னு ஸ்பீக்கரத் திரும்ப உள்ள கொண்டு வந்து வச்சாரு. காலனி அதையும் எடுத்துக்கிச்சு. வெள்ளிக்கெழம பூரா தொட்டில் பிள்ளைங்கள கோயில் நிழல்ல கொண்டாந்து போட்டுத் தூங்க வச்சாங்க. பக்கத்துத் தெரு நாயனக்காரரு வாசல்ல நின்னு காது குடுத்துக் கேட்டுட்டு, "சுருதி ரெண்டரைக் கட்டை, மயிரிழை பிசகல"ன்னு சொல்லி, தன் நாயனத்த எடுத்துட்டு வந்து ஊதுற சீவாளியச் சரி பாத்துட்டுப் போனாரு. பெயிண்டு அடிக்கிறவங்க அந்த ஸாவுக்கு மேல பாட்டுப் பாடிக்கிட்டே கெழக்குச் செவத்த முடிச்சுட்டாங்க. ஒருத்தரும் ஏன் நிக்குதுன்னு கேக்கல. ஞானப்பூவுக்கு நிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஞானப்பூ ஏன் வரலன்னு மட்டும்தான் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டாங்க.

உங்களுக்கு மட்டும்தான் மாமா அது இம்ச. ஏன்னா உங்க ட்ராக்கு மூணு கட்டை. ரெண்டரையும் மூணும் ஒண்ணாக் கேட்டா பல்லு கூசுது, நேத்து போட்டுப் பாத்தப்போ நாயி ஓடிருச்சு. அதனால நேத்து மத்தியானம் எங்கிட்ட வந்து, ட்ராக்க அரைக் கட்டை எறக்கிக் குடு இவான்னு கேட்டீங்க. அது ஒரு நிமிஷ வேல, என் போன்லயே பண்ணிரலாம். நான் மாட்டேன்னு சொன்னேன். அதுக்குத்தான் ராத்திரி குரூப்ல பெடல், திமிரு, சதின்னு அத்தனையும் வந்துச்சு. ஏன் மாட்டேன்னு சொன்னேன்னு நீங்க குரூப்ல போடல. நான் போடுறேன்.

வியாழக்கெழம பிராக்டிஸுக்கு முன்னாடி, கோயில் கேட்டுல, பந்தக்கால் எறக்கிக்கிட்டு இருந்த எடத்துல, ஞானப்பூ அக்காவத் தனியா கூப்பிட்டு, லைவ் போறதால நீ வாய மட்டும் அசை, சத்தம் வேணாம், யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்க. நீங்க மெதுவாத்தான் சொன்னீங்க, கனிவாத்தான் சொன்னீங்க, ஒரு கேசரிப் பொட்டலம் வேற குடுத்தீங்க. பந்தக்காலுக்கு அந்தப் பக்கம் கயிறு கட்டிக்கிட்டு இருந்த ரூபஸ் அண்ணன் காதுல விழுந்துச்சு. அக்கா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நேத்து காலையில அவங்க வீட்டுக்குப் போயி நானா கேட்டேன், அவங்க அந்தக் கேசரிய எனக்கே சூடு பண்ணிக் குடுத்துட்டு, "அவரு சொல்றது சரிதானட்டி, பிள்ளைங்க வெளிநாட்டுல இருந்து பாக்கும்ல, நான் இழுத்தா அசிங்கமா இருக்கும்ல"ன்னாங்க.

"அப்ப லூப் நிக்குதே, அதுக்கு என்னக்கா பண்றது?"

"அதுக்கு யாராச்சும் சொல்லுங்க, போகச் சொல்லுங்க."

"நீங்களே வந்து சொல்லுங்க."

"நான் சத்தம் போடக் கூடாதுல்ல."

அவங்க ஜோக்காத்தான் சொன்னாங்க. நான் கேசரிய அப்படியே வச்சிட்டு வந்துட்டேன்.

மாமா, சித்திர மாசம் அத்தைக்கு ஆபரேஷன் முடிஞ்சு தையல் பிரிச்ச மறு ஞாயித்துக்கெழம, நன்றி சொல்லி வேதபாடம் வாசிக்க நீங்க எந்திரிச்சீங்க, அடியில நான் லூப்ப மெதுவா ஓட விட்டிருந்தேன். மூணாவது வசனத்துல உங்களுக்கு வாசிப்பு நின்னுருச்சு. நீங்க பக்கத்தப் பாத்துக்கிட்டே நின்னீங்க, கண்ணாடியக் கழட்டித் தொடைச்சீங்க, திரும்பப் போட்டீங்க, திரும்பக் கழட்டுனீங்க. பதினொரு ஞானப்பூ. நான் எண்ணுனேன். அத்தனை நேரமும் தாளம் நின்னுச்சு, ஸா மட்டும் உங்களுக்கு அடியில இருந்துச்சு, நீங்க நாலாவது வசனத்துக்கு வாயத் தொறந்ததும் அதுவும் வந்துச்சு. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. நிக்கிறப்போ அப்படித்தான், நிக்கிறது தெரியாது, விட்டுட்டுப் போனாத்தான் தெரியும். அன்னைக்கு யாராச்சும் வந்து, வாய மட்டும் அசைங்க ஆசீர், சத்தம் வேணாம்னு சொல்லியிருந்தா, மூணாவது பெஞ்சுல ஒக்காந்திருந்த அத்த காதுல என்ன விழுந்திருக்கும்?

சரி, உங்கள மட்டும் கூண்டுல ஏத்த எனக்கு மனசில்ல, நானும் ஏற வேண்டிய ஆளுதான். நாளைக்கு அறிவிப்பு வாசிக்கிற நேரத்துல, பிஷப் ஐயா ஒக்காந்திருக்க, லைவ் ஓடிக்கிட்டு இருக்க, மொதல்ல நான் எந்திரிப்பேன். மொத வாரமே ஞானப்பூ அக்கா பின்தங்குனதப் பாத்தேன், புஸ்தகத்த மூடுனதையும் பாத்தேன், ரூபஸ் அண்ணன் கிட்டாருல இருந்து கையெடுத்து, நிறுத்துன்னு கண்ணால சொன்னாரு, நான் நிறுத்தல, தாளம் மொதத் தடவையா அவ்வளவு சுத்தமா வந்துச்சு, அது உடையக் கூடாதுன்னு ஸ்பீக்கரு சத்தத்த ரெண்டு புள்ளி கூட்டுனேன், அக்கா குரல் கேக்காமப் போற அளவுக்குக் கூட்டுனேன்னு மைக்குல சொல்வேன். இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல. இப்ப நூத்திப் பதினாலு பேருக்கும் சொல்லியாச்சு, நாளைக்கு மிச்சப் பேருக்கும் சொல்வேன், அவங்க மூஞ்சியப் பாத்து மன்னிப்புக் கேப்பேன்.

அடுத்து நீங்க. உங்க ட்ராக்க அரைக் கட்டை எறக்கி ரெடியா வச்சிருப்பேன், அந்தப் பழி எனக்கு வேணாம், நீங்க சொல்லி முடிச்ச பெறகும் அதத்தான் போடணும்னா நானே போட்டு விடறேன். ஆனா அதுக்கு முன்னாடி மைக்கப் புடிங்க. இந்த குரூப்ல பதில் போட வேணாம், கைகூப்புற படம் போட்டு நழுவ வேணாம், தனியா கூப்பிட்டுப் பேச வேணாம், எங்கம்மாவ விட்டுச் சொல்ல வேணாம். ஞானப்பூ அக்கா ரெண்டாவது பெஞ்சுல ஒக்காந்திருப்பாங்க, நான் கூட்டிட்டு வர்றேன். கேட்டுல நீங்க மெதுவாச் சொன்னத அங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு தடவ சொல்லுங்க, சொல்லிட்டு, இந்தச் சபையில அவங்க சத்தம் வேணுமா வேணாமான்னு, பேரச் சொல்லிக் கூப்பிட்டு, அவங்களப் பாத்தே சொல்லுங்க மாமா.